ஞாயிற்றுக்கிழமை ஓடாதவள்

பூரணி லயத்து வரிசை வீட்டுப் படிகளில் பின்பக்கமாகத்தான் இறங்குவாள். ஒரு கை சுவரில் இருக்கும்; கால் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவித் தேடும். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் அவளுடைய தொடைகள் முன்பக்கமாக இறங்க ஒப்புக்கொள்வதில்லை. தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் சும்மா விடுவார்களா? "என்ன பூரணி, சாமிக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு வேண்டுதலா?" கடைசிப் படியும் முடிந்த பிறகுதான் பதில் வரும். "முன்னால பாத்து எறங்குனா இன்னும் எத்தன படி இருக்குன்னு தெரிஞ்சிருது. இப்புடி வந்தா எறங்குனது மட்டுந்தான் தெரியும்."

வயது முப்பத்தொன்பது. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். விடியும்போது எட்டுக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஏழு மணிக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் பாதி ரொட்டியை மென்றபடி நிற்பாள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் அட்டைகள் வரிசை கட்டி நிற்கும். பூரணியின் காலில் ஏறப் பார்த்த அட்டைகள் மூச்சு வாங்கி உதிர்ந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை ரயில் பாதையோரமாகவே ஓடி, பதுளைக் கோச்சியை முந்திக்கொண்டு ஹட்டன் போய்ச் சேர்ந்தாள். எதிர் வண்டிக்காக அந்தக் கோச்சி றொசல்லயில் முக்கால் மணித்தியாலம் நின்றதை அவளும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் ஒரு நெடுந்தூர ஓட்டம் நடக்கும். முதல் மூன்று பேருக்குக் கொழும்பில் ஓட இடம் கிடைக்கும். பூரணி இரண்டு வருடமாக நான்காவது. இரண்டு முறையும் கடைசி ஏற்றத்தில் வலது முழங்காலுக்குக் கீழே, எலும்போடு ஒட்டிய இடத்தில், ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வருடம் அது பெப்ரவரியிலேயே வந்துவிட்டது. நாற்பதுக்கு மேல் போனவர்களை மூத்தோர் பிரிவில் தனியாக ஓட விடுவார்கள். அங்கே கொழும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆக, அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு ஏப்ரல்தான்.

அவளுக்குப் பயிற்சி சொல்பவர் கஜேந்திரன் மாஸ்டர், ஹட்டனில் விளையாட்டு ஆசிரியர். மூன்று வருடத்துக்கு முன் பன்னிரண்டு மாதத்துக்கும் அட்டவணை எழுதிக் கொடுத்தார். மே மாதம் மெதுவாக. மழை மாதங்களில் தூரம். மழை விட்டால் ஏற்றம். ஜனவரியில் வேகம். மார்ச்சில் குறைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு என்றிருந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் 'ஓய்வு'. அடுப்புப் புகை பட்டு மற்ற எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. சிவப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த ஓய்வைப் பூரணி ஒரு வாரம்கூட மீறியதில்லை. தீபாவளிக்கும் ஓடியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஓடியதில்லை.

அப்படியிருந்தும் வலி ஏன் போகவில்லை என்று பார்க்கத்தான் மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். மேலே டர்பன்டைன் மரக் காட்டிலிருந்து ஒரு பெரிய விறகுக்கட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. அடியில் பூரணி.

"இன்னைக்கு என்ன நாளும்மா?"

"ஓய்வு நாள் சேர்."

"தலையில என்ன?"

"வெறகு."

"இது எத்தனாவது கட்டு?"

"மூணாவது. இன்னும் ஒன்னு கெடக்கு. கெழமைக்கு வேணும்ல."

"ஓய்வுன்னு எழுதியிருக்கேனே."

"ஓடலையே சேர். நடந்துதான வர்றேன்."

மாஸ்டர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பதை அவரும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. ஆறு நாள் கூடை முதுகில், ஏழாம் நாள் விறகு தலையில், நடுவில் அவருடைய அட்டவணை. "கவ்வாத்து வெட்டுன செடியக்கூட மூணு மாசம் யாரும் தொடுறதில்லையேம்மா" என்றார். "என்னைய இன்னும் வெட்டலையே சேர்" என்றாள் பூரணி, கட்டை இறக்காமலே.

ஹட்டனில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு விரிசல் விடப்போகிற நிலையில் இருக்கிறது. மூன்று வாரம் காலுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் ஏப்ரலும் இல்லை, அதற்குப் பிறகு மலையும் இல்லை. டாக்டரின் துண்டுச் சீட்டைக் காட்டியதும் தோட்டத்தில் அவளை நாற்று மேடையில் உட்கார்ந்து பைக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போட்டார்கள். இந்தக் களைப்பில் எதற்குத்தான் ஓடுகிறாய் என்று அங்கே வைத்து நான் கேட்டேன். நிரப்பிய பையை ஓரமாக வைத்தாள். "அந்த ஒரு மணித்தியாலந்தாங்க முதுகுல ஒன்னுமில்ல, தலையில ஒன்னுமில்ல."

விறகுக்கு இனி யார் போவது? புருஷன் வீரய்யா பதினேழு வருடக் குடித்தனத்தில் அந்தக் காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. முதல் ஞாயிறு பச்சை மரமாகப் பார்த்து வெட்டி வந்தான். அந்தப் புகையில் லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளும் கண்ணைக் கசக்கின. இங்கே தீப்பிடித்ததென்று அடுத்த மலையிலிருந்து ஆள் அனுப்பினார்கள் என்றுகூடச் சொல்வேன். "நாளைக்கு நானே போயிர்றேன்" என்று எழுந்த பூரணியை, "சோறு நாளைக்கு வெந்தாப் போதும், நீ உக்காரு" என்று அடக்கினான்.

இரண்டாவது ஞாயிறு நான் போனபோது, வாசலில் கவிழ்த்த வாளியின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணி சுற்றிய வலது கால் ஒரு பலகையில் நீட்டியிருந்தது. இந்தத் தடவை காய்ந்த விறகுதான். ஆனால் வீரய்யா கட்டை நடுவில் மட்டும் முடிந்திருந்தான். மேல் வளைவில் வரும்போதே அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இந்தாங்க, கட்டு நழுவுது."

"தெரியும்."

"சும்மாடு சரியா வைக்கல நீங்க."

"நீ உக்காருன்னேன்ல."

ஒரு குச்சி விழுந்தது. இன்னொன்று விழுந்து சரிவில் உருண்டது. வீரய்யா குனிய, மூன்று குச்சிகள் ஒன்றாய்ப் போயின. பூரணியின் இடது கால் தரையில் ஊன்றிவிட்டது. வாளியிலிருந்து பாதி எழுந்தேவிட்டாள். வலது கை தானாகத் தலைக்கு மேலே போய், அங்கே இல்லாத கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு மெல்ல உட்கார்ந்தாள். அந்தக் கையை இறக்கி, தொடைக்கு அடியில் நுழைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். இன்னொரு குச்சி விழுகிற சத்தம் கேட்டது. மற்றக் கையையும் எடுத்து அடியில் வைத்தாள்.