இறங்கிய தோளுக்கு ஏற்ற பச்சைச் சுடிதார்

பதினெட்டு வருடமாகத் தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுத்து இழுத்து, என் வலது தோள் ஒரு விரல்கடை இறங்கிப்போய்விட்டது. ரெடிமேட் சுடிதார் எதைப் போட்டாலும் அந்தப் பக்கம் நழுவும். போன ஆடித் தள்ளுபடியில், காஞ்சிபுரத்துக் கடை ஒன்றின் ட்ரையல் ரூமில் ஒரு பச்சைச் சுடிதாரைப் போட்டுப் பார்த்தேன். எனக்கே அளவெடுத்தது போல இருந்தது. வலது தோளை மட்டும் உள்ளே பிடித்துத் தைத்திருந்தார்கள். சந்தோஷமாகக் கண்ணாடி முன் திரும்பியபோது, உள்மடிப்பின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. புதுத் துணி போடும் முன் வீட்டில் வைப்போமே, அந்த மஞ்சள்.

கதவைத் திறந்து விற்பனைப் பெண்ணிடம் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

“ஐயோ அக்கா, இது ரிட்டர்ன் வந்தது, தெரியாம கலந்துட்டாங்க. நாங்கதான் ஆல்ட்டர் பண்ணிக் குடுத்தோம். போட்டுக்கறதுக்குள்ள அந்தம்மா தவறிட்டாங்களாம்.”

“அவங்க என்ன வேலை பண்ணிக்கினு இருந்தாங்க?”

“தறிதான்க்கா. உங்க வயசுதான் இருக்கும்.”

அவசரமாகக் கழற்றினேன். வலது கை மட்டும் லேசில் வெளியே வரவில்லை.

இப்போதெல்லாம் உள்மடிப்பைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் எதையும் போட்டுப் பார்க்கிறேன். எதிலும் மஞ்சள் இருப்பதில்லை. எதுவும் அந்தப் பச்சைச் சுடிதார் போல என் தோளில் உட்காருவதும் இல்லை.