தங்கணும்னா வெளியே போ!

போன வெள்ளிக்கிழமை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள்.

திரும்பினால்... சுமதி அக்கா. திருப்புலிவனத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. அவருடைய மகள் திவ்யா வேலை தேடி ஷார்ஜாவுக்குப் போயிருக்கிறாள்.

"பாப்பா, நீ அந்த ஊர்ல இருந்தவதானே, ஒரு நாயத்த சொல்லு. எம் பொண்ண வெளிய போவச் சொல்ட்டாங்களாம்!"

"எங்கக்கா போகச் சொன்னாங்க?"

"இன்னாவோ பேரு சொல்லுச்சு... ஓமானாம். பஸ்ல போயி நாலு நாள் இருந்துட்டு, அப்பறமா திரும்பி உள்ள வரணுமாம். இன்னா தப்பு பண்ணுச்சோ தெரில. போன்ல கேட்டா சிரிக்குது!"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அவ போனது விசிட் விசா. நாள் முடிஞ்சிருக்கும். ஒரு தடவ நாட்டை விட்டு வெளிய போயி, புது விசா வந்ததும் உள்ள வரணும். வேலை கிடைக்கிற வரைக்கும் நிறைய பேரு இப்படித்தான் பண்றாங்க."

சுமதி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள கீறதுக்கு வெளிய போவணுமா? படிச்சவங்க போட்ட சட்டமாடி இது? எங்க வூட்டு எருமைக்கிட்ட சொன்னா அதுகூட சிரிக்கும்!"

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா கேட்டது நியாயமான கேள்விதானே? வாடகை வீட்டில் அக்ரிமென்ட் முடிந்தால் ஓனரிடம் பேசி மறுபடியும் எழுதிக்கொள்கிறோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து புது ஆள் மாதிரி கதவைத் தட்டுகிறவர்கள் உண்டா?

உண்டு. நானே தட்டியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. உங்களுக்கு அலுத்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, விசிட் விசாவில் ஷார்ஜா போய் இறங்கினேன். ஏறாத கிளினிக் இல்லை. விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு கிளினிக்கில் வேலை இருக்கிறது என்றார்கள்.

ஆனால் ஒரு கண்டிஷன். "வேலை விசாவுக்கு எழுதிப்போட நாளாகும். அதுவரைக்கும் நீ செல்லுபடியாகிற விசாவில் இருக்கணும். ஞாயிற்றுக்கிழமைக்குள் புது விசாவோடு வந்து கையெழுத்துப் போட்டால் மைக்ராஸ்கோப் உனக்கு. இல்லையென்றால் லிஸ்டில் அடுத்த பெண்ணைக் கூப்பிடுவோம்" என்றார் மேனேஜர்.

இந்தப் பக்கம் என் அப்பா என்ன செய்திருந்தார் தெரியுமா? வேலை கிடைத்துவிட்டதாகவே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். "எம் பொண்ணு ஃபாரின் ஆஸ்பத்திரில ரத்தம் பாக்குது!" பொட்டப் புள்ளைக்குக் கடல் தாண்டிப் போவதற்கு என்ன அவசியம் என்று கேட்டவர்களிடமெல்லாம் தேடிப்போய்ச் சொல்லியிருந்தார். விசா வராவிட்டால் அவர்கள் முன்னால்தான் நான் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும்.

அப்படித்தான் ஒரு விடியற்காலை, விசா மாற்றுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டில் ரெஜினா அக்கா. மதுராந்தகம் பக்கம் சொந்த ஊர். வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவர். எனக்கு முதல் முறை, அவருக்கு மூன்றாவது.

"பயப்படாத. செக்போஸ்ட்ல மூஞ்சிய அழுவுற மாதிரி வெச்சிக்காத. சந்தேகப்படுவான். ரொம்ப சிரிக்கவும் சிரிக்காத. அதுக்கும் சந்தேகப்படுவான்."

"அப்போ எப்படிக்கா வெச்சிக்கிறது?"

"ரேஷன் கடை க்யூல நிக்கிற மாதிரி வெச்சிக்க!"

எல்லை தாண்டியதும் புரைமி. ஓமானுக்குள் இருக்கிற ஊர். அங்கே ஒரு சின்ன ஹோட்டல். அதில் தங்கியிருந்த பாதிப் பேர் எங்களைப் போல விசாவுக்குக் காத்திருப்பவர்கள். எங்கள் அறையில் நானும் ரெஜினா அக்காவும், இரண்டு மலையாள நர்ஸுகளும். எல்லோருக்கும் விசா போனில்தான் வரும். அதனால் அந்த ஹோட்டலில் குட்மார்னிங்கே கிடையாது. மாடிப்படியில், சாப்பாட்டு மேஜையில், பாத்ரூம் வாசலில் — எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி. "வந்துச்சா?"

"ஊர்ல மாமியாருங்க மருமவளக் கேக்குற கேள்விடி இது!" என்பார் ரெஜினா அக்கா. ரிசப்ஷனில் இருந்த மலையாளி ஷாஜி ஒரு நாள் தமிழில் அக்கறையாக விசாரித்தார். "அக்கா, வந்துச்சா?"

"இல்ல தம்பி. நாள் தள்ளிப் போயிக்கினே கீது!"

நர்ஸுகளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். நாங்கள் நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் ஷாஜி கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

ஒன்று சொன்னால் நம்புவீர்களா? என் வாழ்க்கையில் முதல் லீவு அதுதான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவோடு நாற்று நடப் போவேன். கல்லூரி லீவு விட்டால் களை எடுக்கப் போவேன். ஷார்ஜாவில் தினமும் வேலை தேடி நடை. சும்மா இருப்பது என்றால் என்ன என்றே தெரியாமல் வளர்ந்தவள், அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நால்வரும் பேரீச்சம்பழக் கடைக்குப் போவோம். வாங்க மாட்டோம், கடைக்காரர் ருசி பார்க்கத் தருவதைச் சாப்பிட்டுவிட்டு வருவோம். ரெஜினா அக்கா பெட்டியில் புடவைக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்திருந்த குட்டி ரைஸ் குக்கரில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். வாசனை வெளியே போகாமல் இருக்க, கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகுவோம். ஷாஜி வந்து கதவைத் தட்டுவார். நாங்கள் நடுங்குவோம். அவர் தட்டை நீட்டுவார்!

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்குப் போய்விட்டேன். டூர் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் அந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. நர்ஸுகளுக்கு விசா வந்தது, கிளம்பினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெஜினா அக்காவுக்கும் வந்துவிட்டது. சாயங்கால பஸ். எனக்கு மட்டும் வரவில்லை. பெயரில் ஏதோ குழப்பமாம். அப்பா பெயரைத்தான் நாம் சர்நேம் என்று போடுகிறோம்... அதை விசா ஏஜென்ட் எந்தக் கட்டத்தில் போட்டாரோ!

நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். வெளியே என் போன் அடித்தது. ரெஜினா அக்கா எடுத்தார்.

"யாரு? தவுடா? இங்க தவுடுன்னு யாரும் இல்லியே... ஓ! ஏய் தவுடு! ஒங்க அம்மா லைன்ல கீறாங்க!"

போச்சு. ஊரை விட்டு வந்ததில் எனக்குப் பெரிய நிம்மதியே, அந்தப் பெயர் எல்லை தாண்டி வரவில்லை என்பதுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

அதுவரைக்கும் நான் யாருக்கு இந்த விஷயத்தை விளக்கினாலும் சுமதி அக்கா மாதிரிதான் குழம்பினார்கள். என் அப்பா உட்பட. அம்மாவுக்கும் பயந்துகொண்டேதான் சொன்னேன். "அம்மா, அங்க தங்கறதுக்கு அனுமதி முடிஞ்சிபோச்சு. வெளிய வந்திருக்கேன். மறுபடி உள்ள விட்டாத்தான் வேலை."

"தங்குறதுக்குத்தானே? அதுக்கு ஏன் அயுவுற? உன்னையே அப்டித்தான பண்ணோம்!"

"இன்னா பண்ணீங்க?" என்று ரெஜினா அக்கா போனுக்குள் தலையை நுழைக்காத குறை.

அம்மா சொன்னார். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் இறந்துவிட்டன. நான் பிறந்ததும் என்னை முறத்தில் படுக்க வைத்து, வீட்டின் பின்பக்கமாகப் பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் சுற்றிக்கொண்டு முன் வாசலுக்கு வந்து, "புள்ள வேணுமா புள்ள?" என்று கூவியிருக்கிறார். அம்மா ஒன்றும் தெரியாதவர் போல விலை கேட்டு, ஒரு படி தவிடு கொடுத்து என்னை வாங்கியிருக்கிறார். அதனால்தான் என் பெயர் தவுடு.

"முன்னாடி ரெண்டு தங்கல. வெளிய குடுத்து உள்ள வாங்கின பொறவு நீ தங்கிட்ட. அவ்ளோதான். போயிட்டு வரவ தங்கிக்குவா. நீ சோறு துன்னியா?"

இந்தக் கதையை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். வெட்கப்பட்டிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தையில் காது நின்றது. தங்கல... செத்துப்போன பிள்ளையை எங்கள் ஊரில் யாரும் செத்தது என்று சொல்ல மாட்டார்கள். தங்கல என்பார்கள். உயிரோடு இருப்பதற்கும், ஓர் ஊரில் இருப்பதற்கும் நமக்கு ஒரே வார்த்தைதான்.

ரெஜினா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எங்க அண்ணனையும் இப்டித்தான் வாங்குனாங்க. பேரு பிச்சை. ஞானஸ்நானத்துல வெச்ச பேரு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. வாடி!"

"எங்கக்கா?"

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது. வா சொல்றேன்!"

சமையலறை வழியாக என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். குப்பைத் தொட்டிகளைத் தாண்டிச் சுற்றி, முன்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு வந்தோம். நான் படித்தவள், லேப் படித்தவள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பிடி விடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்...

"பொண்ணு வேணுமா பொண்ணு?"

ஷாஜி எழுந்து நின்றுவிட்டார். "எந்தா சேச்சீ இது?"

"கேள்வி கேக்காத. வெல கேளு!"

"எ... எவ்வளவு?"

"ஒரு படி தவுடு!"

தவிட்டுக்கு அந்த ஊரில் எங்கே போவது? ஷாஜி அங்குமிங்கும் பார்த்தார். காலை டிபன் மேஜையிலிருந்து ஒரு கப் ஓட்ஸை எடுத்துக்கொண்டு வந்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

"அக்கா, இவரு ஓமான் பக்கம்ல வாங்கறாரு! எனக்கு அந்தப் பக்கம்ல வேணும்!" என்றேன்.

"எந்தப் பக்கம்னு கர்த்தருக்குத் தெரியும். நீ உள்ள போ!"

ஓட்ஸை என் துப்பட்டா முனையில் முடிந்துவிட்டு, அக்கா பஸ் ஏறினார். ஜன்னல் வழியாகக் கத்தினார். "வந்ததும் போன் பண்ணு தவுடு!" அன்று ராத்திரி அந்த அறையில் நான் மட்டும்தான். கதவிடுக்கில் செருகிய துண்டு காய்ந்துபோய்க் கிடந்தது.

சனிக்கிழமை காலை போன் டிங் என்றது. வந்துவிட்டது!

ஓட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏஜென்ட் அப்பா பெயரைச் சரியான கட்டத்தில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். எனக்குத் தெரியும். ஆனாலும் ஷாஜி, "ஞான் வாங்கியதாணு!" என்று ஹோட்டல் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்ததை நான் மறுக்கவில்லை.

ரெஜினா அக்காவுக்குச் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, தங்கறதுக்கு விட்டுட்டாங்கம்மா!"

"எத்தினி நாளைக்கு?"

"ரெண்டு மாசம்."



"ரெண்டு மாசம்தானா? ஒரு படி தவுட்டுக்கு நான் ஆயுசுக்கும்ல வாங்கினேன்!"