அக்காவுக்கு எழுதிய நன்றி

எங்கள் சனிக்கிழமை எழுத்து வகுப்பில் அவருக்கு இஸ்திரியம்மா என்று பெயர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பவர். தேய்த்துத் தேய்த்தே வலது தோள் சற்று இறங்கியிருக்கும். வாயைத் திறந்தால் அக்கா புராணம்தான். அதே ஆஸ்பத்திரியில் அக்கா தலைமை நர்ஸ். அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். வழியனுப்பு விழாவில் வாசிக்க நாலு பக்கம் எழுத வேண்டும் என்றுதான் இவர் வகுப்புக்கே வந்தார்.

எங்கள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. வாசித்து முடித்ததும் எழுதியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் அங்கே இல்லாததுபோல் மற்றவர்கள் பேசுவார்கள். அதைக் கண்டுபிடித்த புண்ணியவானை அன்றைக்கு அங்கே உட்கார வைத்திருக்க வேண்டும்.

இஸ்திரியம்மா வாசித்தார். சின்ன வயதில் அக்காவும் தங்கையும் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டார்கள். இவருக்குத்தான் மார்க் அதிகம். நேர்காணலுக்கு முந்தின நாள் அக்கா போய் விசாரித்துவிட்டு வந்து, "எனக்கு நாளைக்கு, உனக்கு அடுத்த வாரமாம்" என்றார். அடுத்த வாரம் இவர் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இருந்தது ஒரே இடம். அது அக்காவுக்குக் கிடைத்துவிட்டது.

"யாரோ ஓர் ஆபீஸ்காரன் என் அக்காவிடம் பொய் சொல்லிவிட்டான். என்னைக் கட்டிக்கொண்டு அக்கா அழுத அழுகை கொஞ்சமில்லை. பிறகு எனக்குச் சலவைக்கூட வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்," என்று முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் பேசியவர் ரிட்டயர் ஆன லாரி டிரைவர். "பிரமாதம். அந்த அக்கா வில்லின்னு ஒரு இடத்துலகூடச் சொல்லாம, நம்மளையே கண்டுபிடிக்க வெச்சிட்டாங்க."

"தங்கச்சியை வெகுளியாக் காட்டினதுதான் ரொம்ப நல்லாருக்கு," என்றார் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண். "கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியவே இல்ல, பாருங்க."

இஸ்திரியம்மா சட்டத்தை மீறவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. மடியிலிருந்த தாளை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். அவர் எழுதியது நிஜமாகவே நன்றி என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடப் பிறந்தவளை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டு, ஆயுசு முழுக்க அவளிடமே நன்றியும் வாங்கிக்கொண்ட அந்த அம்மாளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து இஸ்திரியம்மாவின் போன் அடித்தது. இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்னடி, எழுதிட்டியா?" அக்காதான்.

"எழுதிட்டேன்க்கா."

"பெரிய டாக்டரெல்லாம் வருவாங்க. என்ன எழுதியிருக்கே?"

"நாம நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டது, அந்த இன்டர்வியூ, எல்லாம் நடந்தது நடந்தபடி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இஸ்திரியம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் சொன்னதையும் பொய்யாக்க அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அந்த முகம் கெஞ்சியது.

"அதை யாருகிட்டயாவது காட்டினியா?" என்று கேட்டார் அக்கா.