யார் காதைப் பார்த்து வரைவது

காது இல்லாமல் பிறந்த குழந்தைக்குக் காது செய்ய, முதலில் பார்த்து வரைய ஒரு காது வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் சிரமமில்லை. கழுவித் துடைத்த பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மறுபக்கக் காதின் மேல் வைத்து, ஓரத்தையும் மடிப்புகளையும் பேனாவால் வரைந்து, திருப்பிப் போட்டால் அளவு கிடைத்துவிடும். அந்த அளவுக்குக் குழந்தையின் விலாவிலிருந்தே குருத்தெலும்பை எடுத்துச் செதுக்கித் தோலுக்கு அடியில் வைப்போம். இரண்டு காதும் இல்லையென்றால், நெருங்கிய உறவில் யார் காதையாவது வரைய வேண்டும்.

எண்பதுகளில் மதுரையில் இதுதான் என் வேலை, ஆராய்ச்சியும் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சொந்த ஊரான ராஜபாளையத்தில், ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் நோயாளிகளைப் பார்ப்பேன். செய்து வைத்த காதுகள் நாளாக ஆகத் தட்டையாகிப் போவது என் பெரிய கவலை. விளிம்பு நிமிர்ந்து நிற்கும்படி செதுக்க, வீட்டில் துணி சோப்பில் வெட்டிப் பழகினேன். "நேத்து ஒரு காதுல ரெண்டு சேலை துவைச்சேன், நல்லாவே நுரைச்சுது" என்பாள் மனைவி.

இன்னொரு பழக்கமும் இருந்தது. குழந்தையோடு வருகிற உறவினர்களின் காதுகளையும் பார்ப்பேன். சிலருக்குக் காது தொடங்கும் இடத்தில், கன்னத்தை ஒட்டி, ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். அதனால் தொந்தரவு எதுவும் கிடையாது. ஆனால் சில குடும்பங்களில் அந்தத் துளையும் காதில்லாத குழந்தையும் சேர்ந்தே இருப்பதைக் கவனித்திருந்தேன்.

வன்னியம்பட்டியிலிருந்து ஒரு சிறுமியைக் கூட்டி வந்தார்கள். இரண்டு காதும் இல்லை. பக்கத்தில் போய் உரக்கச் சொன்னால் கேட்கும். நான் வைக்கும் காதால் கேட்கும் திறன் அதிகமாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மா, மில்லில் வேலை பார்க்கும் அப்பா, சேத்தூரில் கட்டிக்கொடுத்த அப்பாவின் அக்கா மூவரும் வந்திருந்தார்கள். பேசியதெல்லாம் அந்த அக்காதான்.

"கிரகணத்தன்னைக்கு அருவாமணையத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோம் சார். இவ கேட்டாத்தானே. காய் நறுக்கினா. இந்தா, புள்ள தலைல எழுதிட்டு."

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு வெண்டைக்காய் சார். அதுக்குத்தான் இம்புட்டு வருஷமா."

"ரெண்டோ ஒண்ணோ, நறுக்கினியா இல்லியா?"

அப்பா எதுவும் சொல்லவில்லை. பல வருடமாகவே சொல்லாமல் இருந்திருப்பார் என்று பட்டது.

யார் காதை வரையலாம் என்று கேட்டேன். "எங்க வீட்டுக் காதா வையுங்க" என்று அக்கா கம்மலைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஃபிலிமை வைக்கும்போது அந்தத் துளையைப் பார்த்தேன். அவர் தம்பியை, சிறுமியின் அப்பாவை, கூப்பிட்டுப் பார்த்தேன். அவருக்கும் இருந்தது.

"அது எங்க வம்சத்து அடையாளம் சார். எங்கய்யாவுக்கும் உண்டு. யோகம்னு சொல்லுவாவ" என்றார் அக்கா.

"உங்க வகையில வேற யாருக்காவது காது சின்னதா இருக்கா?"

"சித்தப்பா மகனுக்கு ஒண்ணு சூம்பினாப்ல இருக்கும். ஏன் சார்?"

ஒருவர் தலையிலிருந்து எடுக்கும் பழியை இன்னொருவர் தலையில் வைத்துவிடக் கூடாது. கிரகணம் வந்தபோது எத்தனை மாதம் என்று கேட்டேன். ஏழு என்றார் அம்மா. "காது உருவாகிறது முதல் மூணு மாசத்துல. ஏழாம் மாசம் எதை நறுக்கினாலும் காதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். பிறகு அந்தத் துளையைக் காட்டி, பாப்பாவின் காதும் அதுவும் ஒரே வழியில் வந்திருக்கலாம், மூக்கும் முழியும் வருகிற மாதிரி வருவது, இதில் யாரும் எதுவும் செய்யவில்லை என்றேன்.

அக்கா கையிலிருந்த கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டார். "எங்கய்யாவும் போய்ச் சேந்துட்டாரு. இனி யாரப் போயி ஏச?" என்றார்.

எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சிறுமி அப்பாவின் சட்டையை இழுத்தாள். "என்ன சொல்லுதாவ?"

அவர் குனிந்தார். மெதுவாகச் சொல்ல வழியில்லை. "ஓங்கம்மா மேல தப்பு இல்லையாம்" என்றார். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அம்மா மேல தப்பு இல்லையாம் தாயி" என்று இன்னும் உரக்கச் சொன்னார். கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தவர்களின் பேச்சு நின்றது. கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். சிறுமி தலையாட்டிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ வந்து ஒக்காரு" என்று அக்கா எழுந்தார். "ஓங்காதுதான் சிறுசா லட்சணமா இருக்கு. எங்க காது புள்ளைக்கு மொறம் மாதிரியில்ல இருக்கும்."

"இருக்கட்டும் மதினி."

"ஒக்காருன்னா."

அம்மா உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் காதைக் காட்டினார். ஃபிலிமை வைத்தபோது அந்தக் காது சூடாக இருந்தது. நான் வரைந்து முடிக்கும்வரை அவர் அசையவில்லை.