சென்னையிலிருந்து சென்னைக்கு ஒரு கான்ஃபரன்ஸ்

மென்பொருள் தொழிலில் பாதி நேரம் வேலை செய்வதற்குப் போகிறது, மீதிப் பாதி வேலை தெரியும் என்று காட்டிக்கொள்வதற்குப் போகிறது. இரண்டாவதுக்குத்தான் செலவு அதிகம் என்பது என்னோடு இதே நுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. பாப்பா எந்த நிமிஷமும் எழுந்துவிடுவாள் என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கட்டாயமில்லை

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரமே மேனேஜர் கூப்பிட்டார். வருஷத்துக்கு ஒரு வெளி கான்ஃபரன்ஸ் போய்வர வேண்டும் என்பது எங்கள் இலக்குகளில் ஒன்று. அந்த வருஷம் நான் போயிருந்தது லேபர் வார்டுக்கு மட்டும்தான். மிச்சமிருந்தது ஒரே ஒரு கான்ஃபரன்ஸ், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நட்சத்திர ஓட்டலில். டிக்கெட்டை நான் வாங்க வேண்டும். கடைசிவரை இருந்ததற்குச் சான்றிதழ் காட்டினால் கம்பெனி பணத்தைத் திருப்பித் தரும். அந்த விலைக்கு ராயபுரம் சர்ச்சில் முதல்முறை நன்மை வாங்கும் பிள்ளைக்குப் புதுநன்மை விருந்தே வைத்துவிடலாம், பிரியாணியோடு.

போன வருஷம் இலக்கை முடிக்காத இரண்டு பேர் இப்போது எங்கள் குழுவில் இல்லை. என் பயம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர் ஆறுதல் சொன்னார்: "கட்டாயமெல்லாம் இல்லம்மா. போகாதவங்க பேரை மேல அனுப்பணும், அவ்வளவுதான்."

உள்ளூர்

ஏழு மாதப் பாப்பா, பாட்டிலைக் கண்டால் அலறுவாள். மாமியார் பாலாடையில் புகட்டிப் பழக்கிக்கொண்டிருந்தார். அவள் துப்பிப் பழகிக்கொண்டிருந்தாள். ஓட்டலிலேயே ஓர் அறை கொடுத்தால் இருவரையும் கூட்டிப்போய்விடலாம் என்று கணக்குப் பிரிவில் கேட்டேன். பெங்களூரிலிருந்து வரும் எங்கள் ஆட்களுக்கு விமானமும் உண்டு, அறையும் உண்டு. திருவொற்றியூரிலிருந்து போகும் எனக்கு இரண்டும் கிடையாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் சாலையில் வரிசை கட்டிவிட்டால் பெங்களூர்க்காரர்தான் எனக்கு முன்னால் போய்ச் சேருவார் என்று விளக்கினேன். கணக்குப் பிரிவுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மேடம், சென்னையிலேருந்து சென்னைக்கு எதுக்கு மேடம் ரூமு?"

கன்டெய்னர்

விடிவதற்கு முன்பே ஆட்டோ பிடித்தேன். பையில் லேப்டாப், பால் எடுக்கிற பம்ப், ஐஸ் போட்ட டப்பா. மெட்ரோ ஸ்டேஷனை எட்டுவதற்குள்ளேயே லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, எங்கே போகிறேன் என்று விசாரித்தார். ஒரு பெரிய ஓட்டலில் நாலு பேர் பேசுவதைக் கேட்கப் போகிறேன் என்றேன். திரும்பி என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். "ஓட்டலுக்கு இந்நேரத்துக்கேவா? இன்னா மேடம், இட்லிக்கு மாவு நீதான் ஊத்தணுமா?"

தாய்மார் அறை

வாசலில் ஒரு பெண் என் கழுத்தில் தொங்கிய அட்டையை ஸ்கேன் செய்தாள். முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. 'தாய்மார் அறை உண்டு' என்று கான்ஃபரன்ஸ் ஆப்பில் போட்டிருந்ததை நம்பித்தான் வந்திருந்தேன். அறை இருந்தது. உள்ளே கூரைவரை இலவச டி-ஷர்ட் பெட்டிகள்.

அழுகை வந்துவிட்டது. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஓட்டல் ஊழியர் தேவியக்கா, காசிமேட்டுக்காரர், எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்துக்கொண்டே இரண்டு பெட்டிகளை இடுப்பால் தள்ளி எனக்கு இடம் செய்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு நின்றார். நான் பம்ப்பை மாட்டிய சத்தம் கேட்டதும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பால் கறக்கறதுக்கா இம்மாந் தூரம் வந்தே? அங்கயே மாதவரத்துல பால் பண்ணை கீதே!"

வராண்டா

ஒரு கான்ஃபரன்ஸில் மண்டபத்துக்குள் இருப்பவர்களைவிட வராண்டாவில் இருப்பவர்கள் அதிகம் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, பிளக் பாயின்டோடு ஒட்டிக்கொண்டு, அவரவர் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பக்கத்தில் வியர்க்க விறுவிறுக்கத் தட்டிக்கொண்டிருந்தவர் அடுத்த பேச்சாளர். தலைப்பு, 'விழாத சர்வர்'. அவர் ஆபீஸ் சர்வர் விழுந்துகிடந்தது.

எனக்கும் மேனேஜரிடமிருந்து அழைப்பு. ஒரு கஸ்டமருக்குப் பில் வரவில்லையாம், உடனே பார்க்க வேண்டுமாம். நான் கான்ஃபரன்ஸில் இருக்கிறேன் என்று நினைவுபடுத்தினேன். "தெரியும்மா, அதனாலதான் கூப்பிட்டேன். மத்தவங்கெல்லாம் வேலையா இருக்காங்க."

அட்டை

சாப்பாட்டு நேரத்தில் மாமியார் போன் செய்தார். "பாலாடைய தட்டி வுடுது. காலைலேருந்து ஒரு வாய் எறங்கல. தொண்டை கட்டிப்போச்சு கொயந்தைக்கு." பின்னால் பாப்பாவின் குரல் தேய்ந்து கேட்டது. போனால் சான்றிதழ் இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மண்டப வாசலில் அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும், கடைசியாக மாலையில் வெளியே போகும்போதும். சான்றிதழ் இல்லையென்றால் என் பேர் மேலே போகும்.

ஷிப்ட் முடிந்து சொந்தச் சேலைக்கு மாறியிருந்த தேவியக்கா, வராண்டாவில் நான் நின்ற நிலையைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிப்போகும் ஓட்டல் வேன் அவருக்கு ஆறு மணிக்குத்தானாம். என் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் பதறினேன், யாராவது கண்டுபிடித்துவிட்டால்? "நீ கெளம்பு. ஏசில குந்திக்கினு இருக்கப்போறேன். எம்மூஞ்சிய எவன் பாக்கறான்?"

பிராக்ஸி

அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பாப்பா என் மேல் பாய்ந்து குடித்தாள், தூங்கினாள். நான் தூங்கவில்லை. கான்வென்டில் படித்த அத்தனை வருஷமும் வராத யாருக்கும் 'உள்ளேன்' சொல்லிப் பிராக்ஸி கொடுத்ததில்லை, வாங்கியதும் இல்லை. மறுநாள் சான்றிதழ் வந்தது. அதோடு மேனேஜரின் செய்தியும்: கேட்டதையெல்லாம் திங்கட்கிழமை குழுவுக்குச் சொல்ல வேண்டும்.

தேவியக்காவுக்குப் போன் போட்டேன், என்னதான் சொன்னார்கள் என்று. கொஞ்சம் யோசித்தார். "இனிமே ஆளே வேணாமாம், அல்லாத்தையும் மிஷினே செஞ்சிடுமாம். அத்த சொல்றதுக்கு ஆறு ஆளு வந்தானுங்க."

திங்கட்கிழமை

அதையே கொஞ்சம் இங்கிலீஷில் சொன்னேன். பெங்களூர் ஆட்கள் தலையாட்டினார்கள். அவர்கள் மதியமே விமான நிலையத்துக்குப் போய்விட்டவர்கள், மறுத்துப் பேச முடியாது. டிக்கெட் பணம் வந்தது. என் பேர் மேலே போகவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டபோது மேனேஜர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். "நம்ம டீம்ல கடைசிவரை உக்காந்து கேட்டது இவங்க ஒருத்தர்தான். அதனால அடுத்த வருஷமும் இவங்களத்தான் அனுப்பறோம்!"

ஆக, கம்பெனி ஒரு டிக்கெட்டையும் என் பெண் ஒரு பகல் பாலையும் செலவழித்ததில், மென்பொருளின் எதிர்காலத்தை முழுசாகத் தெரிந்துகொண்டு வந்தவர் காசிமேட்டு தேவியக்கா ஒருவர்தான்.