ஈரப்பாறைக் குகையில் கேட்ட குரல்

சுடலைமணிக்கு ஒரு கால் போனது ஒரு வார்த்தையால் என்றால் எஸ்டேட் லைன் வீடுகளில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாமல் போனதற்கு அவனும்தான் காரணம்.

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் டீ பேக்டரியில் அவன் டிரையர் மெஷினில் வேலை பார்த்தான். பக்கத்து மெஷினில் சின்னராஜ். இரண்டு பேர் குடும்பமும் தாத்தா காலத்தில் ஒரே லாரியில் சமவெளியிலிருந்து ஏறி வந்தவை. ஒரே லைனில் அடுத்தடுத்த வீடு. காலை ஷிப்டுக்கு மணி ஆறடிக்கும்போது வருகைக் கணக்கு எழுதும் செக்ரோல் அழகர்சாமி பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ஆவியும் பனியும் அடைத்த அந்த வாசலில் எதிரில் நிற்பவன் முகமே தெரியாது. சுடலைமணி தூங்கிப்போன நாட்களில், "இருக்கேனுங்க" என்று சின்னராஜ் குரல் கொடுப்பான். சின்னராஜ் வராத நாட்களில் இவன் கொடுப்பான். அழகர்சாமி தலை தூக்காமல் கோடு போடுவார். அந்தப் பேக்டரியில் இப்படிக் குரல் கொடுக்காதவன் எவனும் இல்லை. கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

எண்பத்து நாலில் ஒரு சனிக்கிழமை, பேக்டரி ஆட்கள் பதினோரு பேர் லீவு போட்டுவிட்டுச் சோலூருக்கு மேலே ஈரப்பாறைக் குகையைப் பார்க்கக் கிளம்பினார்கள். தார்ப்பாய், அரிசி, இரண்டு கோழி, மூன்று டார்ச். ஞாயிறு சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். அழகர்சாமியும் வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா, பதினோரு பேர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே வந்தார். "என் சீட்டுல ஆள் தப்பாது" என்று பெருமை வேறு. குகைக்குள் நுழையுமுன் ஒரு தரம் பேர் கூப்பிட்டார்.

உள்ளே போனதும் சிரிப்பும் கூச்சலும்தான். கடைசியாக நடந்த சுடலைமணிக்கு ஒண்ணுக்கு வந்தது. பக்கத்துப் பொந்தில் நாலடி ஒதுங்கினான். பாசி வழுக்கி, இரண்டு பாறைக்கு நடுவே கால் இறங்கி, உள்ளே எலும்பு முறிந்தது. வலியில் மூச்சே வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழே தார்ப்பாய் கட்டிய இடத்தில் அடுப்பில் சோறு இருக்கிறது, எல்லோருக்கும் அவசரம். குகை வாயிலில் அழகர்சாமி பேர் கூப்பிடுகிற சத்தம் பாறை வழியாகத் தெளிவாக வந்தது. "சுடலைமணி." அவன் உயிரைத் திரட்டிக் கத்தப் போனான். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"இருக்கேனுங்க."

அது சின்னராஜ் குரல். சின்ன வயசிலிருந்து கேட்ட குரலில் சந்தேகம் வருமா? பிறகு இவன் கத்தியது மழையில் யார் காதிலும் விழவில்லை.

சின்னராஜ் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சுடலைமணி பீடி பிடிக்க முன்னாலேயே வெளியே போயிருப்பான் என்று நினைத்தான். நாக்குப் பழக்கம். அதுவரைக்கும் மன்னிக்கலாம். ஆனால் தார்ப்பாய்க்கு வந்து சோறு போடும்போது ஆளைக் காணோம். "மணி எங்கடா?" என்று அழகர்சாமி கேட்டார். உண்மையைச் சொன்னால் பேக்டரிப் பழக்கமும் அவர் முன்னால் அம்பலமாகும். சின்னராஜ் கண்ணிமைக்காமல் சொன்னான்: "சோலூர்ல அவன் சகலை ஊடு இருக்குதுங்க. அங்க போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். காலைல வந்துருவானுங்க."

அந்தப் பொய்யைத்தான் மன்னிக்க முடியாது.

மறுநாள் பத்து மணிக்குச் சகலை வீட்டில் விசாரித்தபோது ஆள் அங்கே இல்லை. சின்னராஜ் குகைக்கு ஓடினான். முதலில் கண்டுபிடித்தவனும் அவன்தான். இரண்டு மைல் முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நேற்றே கொண்டுவந்திருந்தால் கால் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

சுடலைமணி பேருக்குக் குரல் கொடுத்துவிட்டு, சகலை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, புத்தி கெட்டு மறுபடி குகைக்குள் போனான் என்று லைனில் கதை நிலைத்தது. சுடலைமணி மறுக்கவில்லை. சொன்னால் சின்னராஜ் வேலை போகும், அவனுக்கு இரண்டு கைக்குழந்தைகள். அதைவிட, அவனே வந்து சொல்லுவான் என்று காத்திருந்தான். தனியாக ஒரே ஒரு தரம், "நான்தான்டா" என்றால் போதும். கால் போனதுகூட ஆறிவிடும் என்று நினைத்தான்.

சுடலைமணி டிரையர் வேலை போய், சல்லடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேயிலையில் காம்பு பொறுக்கினான். பெண்கள் செய்கிற வேலை, பாதிச் சம்பளம். சின்னராஜ் மேஸ்திரி ஆனான். ஞாயிறு தவறாமல் பழம், பன், மருந்து என்று ஏதாவது எடுத்துக்கொண்டு வந்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று லைனே பேசியது. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லுவான் என்று சுடலைமணி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் முட்டைக்கோசு விலையைப் பேசிவிட்டுப் போவான்.

பத்தொன்பது வருசம் இப்படிப் போனது. சுடலைமணியின் மகளைக் கட்டிய புது மருமகன் விருந்துக்கு வந்திருந்த ஒரு ஞாயிறு, சின்னராஜ் அந்தப் பையனிடம் பழைய கதையை எடுத்தான். "உங்க மாமனுக்கு அன்னைக்கு என்ன புத்தியோ போங்க. பேருக்குக் குரலு குடுத்துட்டு மறுபடி உள்ள போயிட்டான். ரெண்டு மைலு நாந்தான் தூக்கிட்டு வந்தேன்." பையன் மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கை கழுவப் பின்னால் போனான்.

அவன் போனதும் சுடலைமணி கேட்டே விட்டான். "டேய் சின்னராஜ், அந்தக் குரலு உன்னுதுடா. எனக்குக் கேட்டுச்சு."

சின்னராஜ் பதறவில்லை. டம்ளரில் இருந்த மிச்ச டீயைக் குடித்தான். "தெரியும். ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்து நீ பாத்தியே, அப்பவே தெரியும். நீயா ஒண்ணும் கேக்கல. சரி, மனசுல வெச்சுக்கல போலன்னு நானும் உட்டுட்டேன்."

தெரிந்தேதான் இத்தனை ஞாயிறும் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். இவன் வாய் திறக்காததை அவன் வசதியாக எடுத்துக்கொண்டான். சுடலைமணிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு சின்னராஜ் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மனைவி மூக்கம்மா துளைத்தெடுத்தபோது சுடலைமணி நடந்ததைச் சொன்னான்.

"ஏனுங்க, நிசமாயிருந்தா இத்தன வருசம் வாய மூடிட்டு இருப்பீங்களா?" என்றாள் அவள். "உசுரக் காப்பாத்துன மனுசனப் போயி இப்பிடிப் பேசலாமுங்களா? இருட்டுல, வலியில உங்களுக்கு என்ன கேட்டுச்சோ."

விஷயம் லைனுக்குப் போயிற்று. நன்றி கெட்டவன் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். ரிட்டயர் ஆன அழகர்சாமிகூட, "எனக்குக் கேட்ட குரலு மணி குரலுதானுங்க, சீட்டுல நானே கோடு போட்டேன்" என்று அடித்துச் சொன்னார். சின்னராஜிடம் கேட்டவர்களிடம் அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கால் போன மனுசன், ஏதோ மனசு சரியில்ல. உட்டுருங்க" என்றான்.

என்ன பெரிய மனசு பார் என்று அதற்கும் அவனையே மெச்சினார்கள்.