மைலோ டின் புஷ்பவள்ளி

புஷ்பவள்ளி படியேறி வந்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஜொகூரில் கூலாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருந்தவரை அப்படித்தான். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு சாவு விழுந்தால், காரியச் செலவுக்குக் காசு சேர்க்க மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. கூச்சப்படாமல் கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கதவைத் திறப்பவர்கள் "யாரு?" என்பார்கள். அவள் பதில் சொல்வதற்குள் டின்னில் காசு விழுந்துவிடும். போனவன் முந்தின வாரம் மண்டையை உடைத்துச் சண்டை போட்டவனாக இருந்தாலும் அவர்கள் கை பின்வாங்கியதில்லை.

டின்னில் காசு விழும் அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் அவள் மனம் ஏங்கும். சாவு வீட்டுக் காசுக்கு ஏங்குவதா என்று சிரிக்காதீர்கள். அன்றைக்கு ஒருவனுக்கு முடியவில்லை என்றால் தோட்டத்து மருந்தகத்து டிரெசர் ஊசி போடுவார். அவர் கையை மீறிப்போனால் தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவார்கள். லயமே லோரியைச் சுற்றி நிற்கும். ஏறியவன் தனியாளாகப் போனதில்லை.

தோட்டம் விற்றுப்போனது. எல்லாரும் டவுன் ஃப்ளாட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு இன்சூரன்ஸ் மெடிக்கல் கார்டு. அவள் கணவர் வீரமுத்துவும் ஒன்று வைத்திருந்தார். நோய் எட்டிப்பார்க்காத வயதில் வீடு தேடி வந்து விற்றார்கள். அறுபதைத் தாண்டியதும் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். கட்ட முடியாமல் அவர் கார்டை விட்ட மறுவருடமே இருதய வால்வு கெட்டுப்போனது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தங்கமானவர்கள்தான். ஆனால் கூட்டம் அதிகம், ஆப்பரேஷனுக்கு அடுத்த வருடம்தான் தேதி. அதுவரை தாங்குவாரா என்று பயந்தாள்.

ஒருநாள் நேராக, ஒய்பி என்று எல்லாரும் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒய்பி, ஜொகூர்ல இருக்கிற எல்லாரும் மாசாமாசம் கொஞ்சம் போடுவோம். மாநில அரசாங்கமும் போடட்டும். வயசு, பழைய வியாதி எதுவும் கேக்காம, யாருக்கு முடியலையோ அவங்கள சீக்கிரமா பாருங்க. ஒரே கார்டு, ஜொகூர் கார்டு."

அவர் சிரிக்கவில்லை. "நல்ல யோசனைதான் அக்கா. ஆனா அடுத்தவங்க நோவுக்கு ஜனங்க காசு போடுவாங்களா? ஞாயித்துக்கிழமை பாலாய்ராயாவுல கூட்டம் வச்சிருக்கேன். மண்டபம் நெறைய ஆளு கூட்டிட்டு வாங்க. அது நெறைஞ்சா நானே சட்டமன்றத்துல பேசுறேன்."

மறுபடியும் வீடு வீடாக ஏறினாள், இந்த முறை டின் இல்லாமல். கதவைத் திறந்த பழைய தோட்டத்து ஆட்களுக்கு முகம் மாறிவிடும். "அலமாக்! யாரு போனாங்க அக்கா?"

"யாரும் போகல. போகக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

வயதானவர்கள் வருகிறோம் என்றார்கள். இளசுகள் மனோகரன் வாயைப் பார்த்தார்கள். அவன்தான் ஃப்ளாட் சங்கத் தலைவன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையில் வளர்ந்தவன், இப்போது தினமும் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். "எனக்குக் கம்பெனி கார்டு இருக்கு அக்கா. அடுத்தவங்க நோவுக்கு நான் ஏன் கட்டணும்?" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அவன் வராவிட்டால் மண்டபத்தில் பாதி நாற்காலி காலிதான்.

கூட்டம் நடக்கும் ஞாயிறு காலை கடைசியாக ஒருமுறை கேட்டுப்பார்ப்போம் என்று புறப்பட்டாள். லிஃப்ட் வழக்கம்போலப் படுத்திருந்தது. மாடிப்படி ஏறி அவன் கதவைத் தட்டியபோது மூச்சு வாங்கியது, வாய் திறக்க முடியவில்லை.

கதவைத் திறந்த மனோகரன் அவளைப் பார்த்ததும் உறைந்துபோனான்.

"அக்கா... வீரமுத்து அண்ணனா?"

அவள் இல்லை என்று தலையசைப்பதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது. கை பாக்கெட்டுக்குள் போய் இருந்த நோட்டை எல்லாம் அள்ளி அவள் முன்னால் நீட்டியது.

அவளுக்கும் அழுகை முட்டியது. லயத்துக் கதவுகளில் பார்த்த அந்தக் கை இன்னும் அப்படியேதான் இருந்தது.

"உயிரோடதான் இருக்காருப்பா. கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்காரு." அவன் நீட்டிய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "செத்தா குடுக்கணும்னு வந்த கைதானே இது? இருக்கிறப்பவே குடுத்தா என்னா?"

மனோகரன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டான். பிறகு நோட்டைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, செருப்பை மாட்டி, அவளைக் கடந்து இறங்கினான்.

கோபித்துக்கொண்டுதான் போகிறான் என்று அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழ்மாடியில் யாரோ ஒரு கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பதறிய ஒரு பெண்குரல், "என்னா அண்ணே இவ்ளோ காலையில, யாரு போனாங்க?"

"யாரும் போகல லா," என்றது மனோகரன் குரல். "சட்டைய மாத்திட்டு வாங்க, பாலாய்ராயாவுக்குப் போலாம்."

அடுத்த கதவு தட்டப்பட்டது.